டெல்லாவின் தம்பி

இசைக்குழுவின் போஸ்டரில் 'ஆர்லோ பிரென்னரின் பேண்ட்' என்றுதான் போட்டிருக்கும். ஆனால் நெப்ராஸ்கா மாநிலத்து நடனக் கொட்டகைகளில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "இந்தச் சனிக்கிழமை டெல்லா வர்றா" என்பார்கள். அது ஆர்லோவின் காதிலும் விழும். ஆரம்பத்தில் அவனுக்கு அதில் வருத்தம் இல்லை. டெல்லா அவனுடைய அக்கா.

டெல்லாவுக்குச் சிறு வயதில் போலியோ வந்தது. காய்ச்சல் இறங்கியபோது இடது காலின் பலமும் அதோடு போய்விட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் முன்னறையில் கட்டிலில் கிடந்தாள். அவள் பாடுவாள், கட்டில் முனையில் உட்கார்ந்து தம்பி அதை அப்படியே கிளாரினெட்டில் வாசிக்க வேண்டும். பிசகினால் தலையணை பறந்து வரும். சரியாக வாசித்தாலும் சில நாள் பறந்து வரும். ஆர்லோ சங்கீதம் கற்றது அப்படித்தான். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை இரும்புப் பட்டையும் தோல்வாரும் கட்டிக்கொண்டு அவள் எழுந்து நடந்தபோது, ஓமாஹாவில் அவர்கள் வீட்டுத் தெருவே வாசலில் நின்று பார்த்தது.

பேண்டில் பன்னிரண்டு பேர். இரண்டு பழைய கார்கள், ஒரு லாரி. டெல்லா லாரியில் டிரைவர் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு வருவாள். கொட்டகைக்குப் போனால் பியானோவை ஒட்டி அவளுக்கு ஓர் உயரமான ஸ்டூல். முதல் அரைமணி நேரம் பேண்ட் மட்டும் வாசிக்கும். அப்புறம் பக்கவாட்டுக் கதவிலிருந்து அந்த இரும்புச் சத்தம் கேட்கும். ஆடிக்கொண்டிருந்த குடியானவர்களும் கடைக்காரப் பெண்களும் அப்படியே நின்றுவிடுவார்கள். அவள் ஸ்டூலை அடைந்து, பாவாடையை இழுத்துச் சரிசெய்து, மைக்கைத் தன் பக்கம் வளைத்துக்கொள்ளும் வரை ஒருவரும் பேச மாட்டார்கள். அவள் குரல் கொஞ்சம் கரகரப்பு, தாழ்ந்த சுருதி. பியானோ வாசித்த ஓட்டோ ஸ்விட்ஸர் எல்லாப் பாட்டையும் அந்தக் குரலுக்குத் தோதாக எழுதி வைத்திருந்தான்.

ஆர்லோ முன்னால் நின்று தாளம் காட்டிக் குச்சி அசைப்பான். நல்ல உயரம், வரிசையான பல், எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. சிகாகோவிலிருந்து வந்த ஏஜென்ட் கிளிஃப் மேட்டர்சனுக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

பிளாட் ஆற்றங்கரைக் கொட்டகை ஒன்றில் மேட்டர்சன் அவர்களைக் கேட்டார். மறுநாள் மத்தியானம் ஆர்லோவைத் தனியாகச் சாப்பிடக் கூப்பிட்டார். மாட்டிறைச்சித் துண்டை நிதானமாக அறுத்துக்கொண்டே பேசினார்.

"பேண்ட் பிரமாதம். சிகாகோவுல ஒரு பெரிய ஹோட்டல் இருக்கு. அங்க வாசிச்சா ரேடியோக்காரன் அப்படியே நாடு பூரா அனுப்பறான். ஒரு சீசன் அங்க நின்னுட்டா, அப்புறம் உன்னக் கையில பிடிக்க முடியாது."

"நாங்க ரெடி சார்."

"பாட்டுக்கு மட்டும் வேற ஆள் பாத்துக்கணும்."

ஆர்லோ முட்கரண்டியைக் கீழே வைத்தான். "அவளுக்குத்தானே சார் கூட்டமே வருது."

"குரல்ல ஒண்ணும் குறையில்ல. ஆனா அந்த ஹாலுக்குச் சாப்பிட வர்றவன் ரெண்டு மணி நேரம் கவலைய மறக்கலாம்னு வர்றான். அந்தச் சத்தம் கேட்டா அவனுக்குக் கவலை ஞாபகம் வரும். நான் சொல்லல, ஹோட்டல்காரன் சொல்லுவான்."

அந்த இடத்தில் ஆர்லோவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது என்னவோ ஒரு நிம்மதி. தனக்குள் பல நாளாக முணுமுணுத்துக்கொண்டிருந்ததை வேறொருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார் என்கிற நிம்மதி. கொஞ்ச காலமாகவே, பெரிய ஊர்களில் ஹோட்டல் வரவேற்பறைக்குள் நுழையும்போது அவன் இரண்டடி முன்னால் போய்விடுவது வழக்கமாகியிருந்தது. அந்த நிம்மதியை அவன் தன்னிடமிருந்தே மறைக்கப் பார்த்தான். தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்தான்.

டெல்லாவிடம் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான். அதற்குள் மேட்டர்சன் அனுப்பிய பெண் ரயிலேறி வந்துவிட்டாள். பெயர் கோரின். பழுப்பு முடி, பளிச்சென்ற முகம், மெல்லிய உயர்ந்த குரல். ஒத்திகை ஒரு பழைய சங்கக் கட்டடத்தின் மாடியில் நடக்கும். செங்குத்தான படி. அதனால் டெல்லா பெரும்பாலும் ஒத்திகைக்கு வருவதில்லை. ஓட்டோதான் வீட்டுக்குப் போய் அவளோடு பாட்டைப் பார்த்துக்கொள்வான். அந்த வாரம் ஓட்டோ வரவில்லை. ஏன் வரவில்லை என்று பார்க்க டெல்லாவே கிளம்பிவிட்டாள்.

கோரின் பாடிக்கொண்டிருந்தது டெல்லாவின் பாட்டு. ஆற்றங்கரையில் படகுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றியது. பாதிப் பாட்டில் படியில் இரும்பு கேட்டது. முதலில் டிரம்ஸ்காரன் நிறுத்தினான். அப்புறம் டிரம்பெட் வாசித்த டஃபி. ஒவ்வொரு வாத்தியமாக ஓய்ந்தது. கடைசியில் கோரினின் குரல் மட்டும் தனியாக ஒரு வரி போய், அதுவும் நின்றது. படிச் சத்தம் நிற்கவில்லை. ஆர்லோ கையிலிருந்த குச்சியைத் தாழ்த்தக்கூட மறந்து நின்றான்.

டெல்லா கதவுநிலையைப் பிடித்து மூச்சு வாங்கினாள்.

"தெருவுலேயே கேட்டுச்சு. சுருதி ஏறிப் போச்சே, ஓட்டோ."

ஓட்டோ பியானோக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோரின் எழுந்தாள். "மேடம், நீங்க ஒத்துக்கிட்டதா இவங்க சொன்னாங்க. அதான் நான்..."

"உக்காரும்மா. நல்லாத்தான் பாடற. உன்கிட்ட எனக்குப் பேச்சில்ல." டெல்லா தம்பியின் பக்கம் திரும்பினாள். "இவ்வளவு படி ஏறி வந்திருக்கேன். நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லு."

"சிகாகோ மேடை ரொம்பப் பெருசு, டெல். படி ஜாஸ்தி. தினம் வாசிக்கணும். உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்..."

"எனக்கா?"

"ஆமா."

"லாரி டயர் வெடிச்சு வயல்ல நின்னப்ப, பனியில அந்தக் குதிரைக்காரன் வீடு வரைக்கும் நடந்தேனே. அப்ப கேட்டியா கஷ்டமா இருக்கான்னு?"

டஃபி மெதுவாக எழுந்தான். "பாஸ், நாங்க கீழ போய் ஒரு சிகரெட் பிடிச்சிட்டு வர்றோம்."

"ஒருத்தரும் போக வேணாம், டஃபி. இருந்து கேளுங்க. இல்லேன்னா இவன் நாளைக்குக் கதைய மாத்திடுவான்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "நொண்டிய மேடையில ஏத்தக் கூடாதுன்னு அந்தச் சிகாகோ ஏஜென்ட் சொன்னானா, நீ சொன்னியா?"

"அவர்தான் சொன்னார்."

"நீ என்ன சொன்ன?"

ஆர்லோ கையிலிருந்த குச்சியைத் தாழ்த்தினான். மேட்டர்சன் எதிரில் தான் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டது நினைவுக்கு வந்தது.

"சரி" என்றாள் டெல்லா. "அது போதும் எனக்கு."

திரும்பிப் படியிறங்கினாள். ஏறுவதைவிட இறங்குவது அவளுக்குக் கடினம்; அது பன்னிரண்டு பேருக்கும் தெரியும். ஒவ்வொரு படியாக அந்தச் சத்தம் போய்க்கொண்டிருந்தபோது ஓட்டோ பியானோ மூடியைச் சாத்தினான், கோட்டை எடுத்துக்கொண்டான், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அவள் பின்னாலேயே போனான். திரும்பி வரவில்லை.

சிகாகோவில் எல்லாம் மேட்டர்சன் சொன்னபடியே நடந்தது. கோரின் பாடிய அந்தப் படகுப் பாட்டு இசைத்தட்டாக வந்து, சோடாக் கடை இசைப்பெட்டி தோறும் சுழன்றது. பேண்டுக்குப் படுக்கை வைத்த பஸ் வந்தது. வாத்தியக்காரர்கள் முன்னாலிருந்த பலகைகளில் ஏ.பி. என்று வெள்ளி எழுத்து மின்னியது. கல்லூரிப் பையன்கள் ஆர்லோவின் தலைவாரலைப் பார்த்து அதேபோல வாரிக்கொண்டார்கள்.

ஒருமுறை பத்திரிகைக்காரி ஒருத்தி, "பேண்ட் எப்படி ஆரம்பிச்சது?" என்று கேட்டாள். "ஸ்கூல்ல நாங்க நாலு பசங்க. ஒரு கார் ஷெட்டுல வாசிக்க ஆரம்பிச்சோம்" என்றான் ஆர்லோ. சொல்லும்போது வாய்க்கு வழுக்கிக்கொண்டு வந்தது. பொய் அச்சில் வந்த பிறகு அதை விட்டு நகர முடியவில்லை. அடுத்தடுத்துக் கேட்டவர்களிடமும் அதையே சொன்னான். கார் ஷெட்டுக்கு ஒரு கதவும், கதவுக்கு ஒரு நிறமும் சேர்ந்தது. ஓமாஹாவிலும் அந்தப் பத்திரிகை விற்கும் என்று நினைக்கும்போதெல்லாம் அவனுக்குக் காது மடல் சுட்டது. கிறிஸ்துமஸுக்கு அக்காவுக்குப் பரிசு அனுப்புவான். அவளிடமிருந்து 'கிடைத்தது' என்று மட்டும் வரும். ஓட்டோவுக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆன செய்தியை அவன் டஃபி சொல்லித்தான் தெரிந்துகொண்டான்.

யுத்தம் வந்தது. கோரின் தனியாகப் பாடப் போய்விட்டாள். நல்ல வாசிப்புக்காரர்களையெல்லாம் பட்டாளம் எடுத்துக்கொண்டது. மீசை முளைக்காத பையன்களையும் பல் போன கிழவர்களையும் வைத்துக்கொண்டு ஆர்லோ முகாம் முகாமாகச் சுற்றினான். அவனுக்குப் பட்டாள வயது தாண்டியிருந்தது. அதைச் சொல்லிக்கொள்ளவும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மேற்கே மலையடிவாரத்தில் ஓர் இராணுவ மருத்துவமனை. கையோ காலோ இழந்தவர்களுக்கானது. கூடத்தில் கச்சேரி முடிந்ததும், எழுந்து வர முடியாதவர்களை வார்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வரும்படி கேட்டுக்கொண்டார்கள். மத்தியான வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்கள் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஆர்லோவோடு ஒரு கர்னலும், நர்ஸும், உள்ளூர்ப் பத்திரிகைப் போட்டோக்காரரும் வந்தார்கள். அவன் ஒவ்வொரு கட்டிலிலும் கைகுலுக்கி, கையெழுத்திட்ட தன் படத்தை வைத்துக்கொண்டே போனான்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பையன். தலையில் வைக்கோல் நிற முடி. போர்வை ஒரு பக்கம் முழங்காலுக்கு மேலேயே தட்டையாகிவிட்டது.

"சார், நானும் நெப்ராஸ்காதான்" என்றான்.

"அப்படியா? எந்தப் பக்கம்?"

"வில்பர் பக்கம், சார். உங்க பேண்ட் எங்க ஊர்க் கொட்டகைக்கு வரும். அப்ப நான் சின்னப் பையன். உள்ள விடமாட்டாங்க. ஜன்னல் கிட்ட நின்னு பாப்போம்." அவன் முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்தான். "ஒரு அம்மா பாடுவாங்களே, கால்ல இரும்பு போட்டுக்கிட்டு? டெல்லா. அவங்க பாட்டக் கேக்க வந்தவங்க மத்தவங்க. நான் அவங்க அந்த ஸ்டூல் வரைக்கும் நடந்து வர்றதப் பாக்கத்தான் போவேன். எல்லாரும் பாக்கறாங்கன்னு தெரிஞ்சும் அவசரப்படாம வருவாங்க. இங்க படுத்துக்கிட்டு அதத்தான் சார் நெனச்சிட்டிருக்கேன். நானும் அப்படி நடக்கணும்னு." மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான். "அவங்க உங்க அக்காதானே சார்?"

கர்னல் திரும்பிப் பார்த்தார். போட்டோக்காரர் கேமராவை உயர்த்தினார். ஆர்லோவின் மனத்தில் கார் ஷெட்டும் நாலு பையன்களும் வரிசையாக வந்து நின்றார்கள்.

"இல்லப்பா" என்றான். "அவங்க எங்க கூடக் கொஞ்ச நாள் பாடினாங்க. ஊர்க்காரங்க, அவ்வளவுதான்."

பையன் அவனை நேராகப் பார்த்தான். "சரி, சார்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆர்லோ படத்தை மேசை மேல் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனான். வார்டு முடியும் இடத்தில் திரும்பிப் பார்த்தபோது, பையன் அந்தப் படத்தைக் கவிழ்த்து, மேசையில் ஈரம் படாமலிருக்க அதன் மேல் தண்ணீர் டம்ளரை வைத்திருந்தான்.

பஸ்ஸில் ஏறியதும் ஆர்லோ ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டான். முன்பு அக்காவை மேடையிலிருந்து இறக்கியதற்காவது ஹோட்டலைச் சாக்குச் சொல்லலாம். இங்கே யார் கேட்டார்கள்? அக்கா என்று சொல்லியிருந்தால் யார் என்ன செய்திருப்பார்கள்? கர்னல் 'ஓஹோ' என்றிருப்பார். அவ்வளவுதான். ஒரு 'ஓஹோ'வுக்குப் பயந்து, கால் போன பையன் முன்னால், அக்காவை இல்லையென்று சொல்லியிருக்கிறான். திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். டிரைவரிடம் போய் நிற்கவும் செய்தான். "என்ன பாஸ்?" என்று டிரைவர் கேட்டதும், "ஒண்ணுமில்ல, மழை வரும்போல இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான். வானத்தில் மேகமே இல்லை.

யுத்தம் முடிந்தால் பழைய காலம் திரும்பும் என்று எல்லாப் பேண்ட்காரர்களும் நம்பியிருந்தார்கள். திரும்பவில்லை. வீடு வந்தவர்கள் கல்யாணம் செய்துகொண்டு, குழந்தை பெற்று, வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே வந்தவர்களுக்கும் பாடகர்தான் வேண்டியிருந்தது. பின்னால் பதினைந்து பேர் வாசிப்பது வேண்டியிருக்கவில்லை. பெரிய பெரிய பேண்டுகளே அந்தக் குளிர்காலத்தில் கலைந்தன. ஆர்லோவும் இந்தியானாவில் ஒரு பாதி காலியான ஹாலில் கடைசி ஆட்டத்துக்கு வாசித்துவிட்டு, எல்லோருக்கும் கைகொடுத்து அனுப்பினான். மேட்டர்சன் தொலைபேசியில் வரவேயில்லை. போவதற்கு ஆர்லோவுக்கு ஓமாஹாவை விட்டால் வேறு இடம் தோன்றவில்லை.

டெல்லாதான் கதவைத் திறந்தாள். முடி நரைத்திருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"பனிய உதறிட்டு வா. இப்பத்தான் தரையத் துடச்சேன்."

ஓட்டோ சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து குலுக்கினான். காப்பியும் கசகசா வைத்த ரொட்டியும் வந்தன. டெல்லா தினம் காலையில் உள்ளூர் ரேடியோவில் பாடுகிறாள், பன்றி விலைக்கும் வானிலைக்கும் நடுவில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஓட்டோ ஒன்பது பேரை வைத்துக்கொண்டு நடனத்துக்கு வாசிக்கிறான். அதிலும் அவள் பாடுகிறாள். இதையெல்லாம் ஓட்டோ சொன்னான். டெல்லா ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் பழசைப் பேசவில்லை. இப்படியே பேசாமல் போய்விடும் என்று ஆர்லோ கொஞ்சம் காலை நீட்டி உட்கார்ந்தான்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஒருத்தர் சாப்பிட வர்றார்" என்றாள் டெல்லா. "வெண்டல் குச்செரா. ரேடியோவுல பன்றி விலை படிக்கிறவர். உனக்குத் தெரியும்."

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே."

"தெரியும். பேருதான் தெரியாது. நீ கேக்கல."

ஆர்லோவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும், கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் நேரா ரேடியோ ஆபீஸுக்கு வந்தார். என்னப் பாக்கணும்னு" என்றாள் அவள். "நல்ல குரல். நான்தான் வேலைக்குச் சொன்னேன். நீ சொன்னத அவரா சொல்லல. என் தம்பி அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தான்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே, பாத்தீங்களான்னு நான்தான் கேட்டேன். பெருமையா கேட்டேன். அவருக்குப் பொய் சொல்ல வரல."

ஓட்டோ எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனான். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"டெல், நான் இன்னிக்கே கிளம்பிடறேன்."

"கிளம்பு. ரயில் நேரம் ஓட்டோவுக்குத் தெரியும்."

அவன் கிளம்பவில்லை. தைரியத்தால் அல்ல. அன்றைக்குக் கிளம்பினால் இனி இந்தக் கதவைத் தட்ட முடியாது என்பது நிச்சயமாகத் தெரிந்தது. மாடியறையில் படுத்துக்கொண்டான். காலையில் கீழே ரேடியோவில் ஓர் இளம் குரல் பன்றி விலை படிப்பதைக் கேட்டான். தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை வெண்டல் குச்செரா வந்தான். செயற்கைக்கால், கையில் தடி. கோட்டை மாட்டிவிட்டு, ஆர்லோவிடம் வந்து கைநீட்டினான். "வணக்கம், மிஸ்டர் பிரென்னர்" என்று ரேடியோவில் சொல்வதுபோலவே தெளிவாகச் சொன்னான். பன்றி வறுவல், மாவுருண்டை, முட்டைக்கோஸ். பேச்சு பனியைப் பற்றியும், ஸ்டேஷன் மானேஜரின் பூனையைப் பற்றியும் போனது. அந்தப் பூனை நேற்று மைக் முன்னால் கத்தியதாம். பன்றி விலையோடு பூனையும் விற்பனைக்கா என்று யாரோ போன் செய்து கேட்டார்களாம். ஓட்டோ சிரித்தான். டெல்லாவும் சிரித்தாள். ஆர்லோவால் தட்டிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை.

"வெண்டல்" என்றான் கடைசியில். "அன்னிக்கு வார்டுல நான்..."

"அந்தக் கிழங்க கொஞ்சம் இப்படித் தள்ளுங்க, சார்."

ஆர்லோ தள்ளினான். "நான் சொன்னது தப்பு. அது எனக்கு அப்பவே தெரியும்."

வெண்டல் கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டான். "எனக்கு உங்க மேல கோபம் வரல சார். வந்திருந்தா நல்லாருந்திருக்கும். எனக்கு என்ன தோணுச்சுன்னா, இவ்வளவு பெரிய ஆளே, பேப்பர்ல படம் வர்ற ஆளே, அக்கா காலு இப்படின்னு வெளிய சொல்லக் கூச்சப்படறார்னா, நான் எப்படி ஊருக்குப் போய் நிப்பேன்னு தோணுச்சு. லிபின்னு ஒரு பொண்ணு எனக்காகக் காத்துக்கிட்டிருந்தா. அவகிட்ட கால் போனத அன்னிக்குச் சாயந்திரம் கடுதாசியில சொல்லிடணும்னு இருந்தேன். சொல்லல. அதுக்கப்புறம் ரொம்ப நாள் அவகிட்ட ஒண்ணுமே சொல்லல. அவ வேற ஒருத்தரக் கட்டிக்கிட்டா. நல்ல பையன்தான். கால் ரெண்டும் இருக்கு."

கடைசி வார்த்தையை வேடிக்கைபோலத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

அந்த வார்டில் தான் சொன்ன நாலு வார்த்தைக்கு இப்படி ஒரு நீளம் இருந்திருக்கும் என்று ஆர்லோ ஒருநாளும் நினைத்ததில்லை. தன் மானம், தன் கூச்சம் என்று தன்னைச் சுற்றியே அதை வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். அது ஒரு பெண்ணின் வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறது.

வெண்டலுக்கே அவன் முகத்தைப் பார்க்கச் சங்கடமாகிவிட்டது. "உங்களச் சொல்லி என்ன சார். நானும் மறைச்சவன்தானே. அந்த வார்டுல பாதிப் பேர் மறைச்சோம்."

"அப்படிச் சேக்காத, வெண்டல்" என்றாள் டெல்லா. தம்பியின் பக்கம் திரும்பினாள். "அவரு தன் காலை மறைச்சாரு. நீ என் காலை மறைச்ச. அது உன்னுது இல்ல, மறைக்கறதுக்கு."

ஆர்லோ அழுதான். சத்தமில்லாமல், துணியால் வாயை மூடிக்கொண்டு. ஒருவரும் அவனைத் தேற்றவில்லை. டெல்லா எழுந்து, இரும்பு தட்டத் தட்ட நடந்து போய், செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தை எடுத்து வந்து நாலு துண்டாக வெட்டினாள். அவன் தட்டிலும் ஒரு துண்டு விழுந்தது. "சாப்பிடு. மத்தியானம் வாசிப்பு இருக்கு, நேரமாச்சு" என்றாள்.

எழுந்திருக்கும்போது அவன் கேட்டான். "ஓட்டோ, உன் பேண்ட்ல இடம் ஏதாவது இருக்கா?"

ஓட்டோ மனைவியைப் பார்த்தான். அவள் பாவாடையில் விழுந்த துணுக்குகளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி நிக்க ஆள் வேணாம்" என்றாள் அவள். "மூணாவது சாக்ஸபோன்காரருக்கு முதுகு பிடிச்சிருக்கு. கிளாரினெட்டும் சேத்து வாசிக்கணும். வாசிப்பியா, இல்ல மறந்துட்டியா?"

"வாசிப்பேன்."

மறந்துதான் போயிருந்தது. இத்தனை வருஷம் குச்சியை ஆட்டிய கை அது. உதடும் விரலும் துரு பிடித்திருந்தன. கொட்டகையில் வெளிச்சம் நன்றாக இருந்தது, அதனால் ஒளியவும் முடியவில்லை. குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜோடிகள் ஆடினார்கள். வெண்டல் கதவருகே தடியை ஊன்றி நின்று யாரோடோ பேசிக்கொண்டிருந்தான். இரண்டாவது பாட்டிலேயே ஆர்லோ வரி தவறினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஊரில் முடிவெட்டுபவர், பெரிய தொந்தி. அவர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்காமலே ஓரக்கண்ணால் முறைத்தார். பாட்டு முடிந்ததும் அவன் பக்கம் சாய்ந்தார்.

"மிஸ்டர், நீங்க சிகாகோவுலயெல்லாம் இருந்தவராம். இருக்கட்டும். இந்த இடத்துல நாலு மாத்திரை சும்மா இருக்கணும். நீங்க சும்மா இருக்க மாட்டேங்கறீங்க."

"தெரியாம வந்துடுச்சு. மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பெல்லாம் வேணாம். எண்ணுங்க."

ஓட்டோ அடுத்த பாட்டுக்குக் கையைத் தூக்கினான். ஆர்லோ கிளாரினெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு, காகிதத்தில் தன் வரி எங்கே இருக்கிறதென்று விரலால் தேடினான்.